உத்தியோகம் நாடுவோர் எழுதும் கடிதம்

(நம் சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

உத்தியோகம் தேடுவோர் தமக்கு அறிமுகமானோர்க்குக் கடிதம் எழுதும் முறையைப்பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். இலக்கணம் கற்பிக்கும் பண்டிதர்க்கும் இப்பொருட்கும் என்ன இயைபு என்று ஐயுறுவார் சிலர் இருத்தல் கூடும். கடிதம் என்பது சொல்லே. கேட்போர் இன்னார் என்று அறிந்து அவர்க்கேற்பச் சொல்லை அமைத்தல் எப்படி என்பதே எம் தொழிலிற் பெரும்பகுதி. அத்துணிவு பற்றியே இங்கு நிற்கின்றோம். குற்றம் காணின் பெரியோர் பொறுத்தருள்க.

முன்னாளில் ஒருவர்க்குக் கடிதம் எழுதத் தாளும் மையும் தபாற்கூலியும் வேண்டியிருந்தன. ஆதலின் எழுதுமுன் இருமுறை எண்ணினர். இக்காலத்தில் மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் லிங்க்ட்இன்னும் வந்துற்றபின், விரலசைவு ஒன்றால் நூறு பேர்க்கு ஒரே ஓலை போகின்றது. அவ்வோலை எவ்வாறிருக்கின்றது? "ஐயா, யான் பட்டம் பெற்றவன். தங்கள் கம்பெனியில் ஏதேனும் வேலை காலியிருப்பின் உதவ வேண்டுகிறேன். பயோடேட்டா இணைத்துள்ளேன்." இஃதே எங்கும் உலவும் வாசகம். இதில் எழுதியவன் பெயரை எடுத்துவிட்டு வேறொருவன் பெயரை இடலாம். பெறுவோர் பெயரையும் அவ்வாறே மாற்றலாம். எவர்க்கும் பொருந்துவது ஒருவர்க்கும் உரியதாகாது. ஆகவே பெற்றவர் அதனைத் தமக்கு வந்த கடிதமாகவே எண்ணுவதில்லை. மறுமொழி வாராமை கண்டு நம் இளைஞர், உலகம் இரக்கமற்றது என மனம் உடைகின்றனர். அவர் உள்ளம் உடைதலே எமக்குக் கவலை தருவது.

புறநானூற்றில் 208-ஆம் பாட்டின் செய்தியை நம் மாணவர் பலர் கற்றிருப்பர். பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் அதியமான் நெடுமான் அஞ்சியை நாடிச் சென்றார். அவன் அவரைக் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பினான். புலவர் அதனைக் கொள்ள மறுத்தார். தம்மை நேரிற் கண்டு, தம் புலமை அறிந்து, தினையளவு தரினும் அஃது இனிதென்பது அவர் கருத்து. வறுமையுற்றவர் தாமே கைக்கு வந்த பொருளைத் தள்ளினார் எனின், காணாமற் கொடுப்பதில் உள்ள அவமதிப்பு எத்துணைத்து என்று எண்ணிப் பாருங்கள். கொடுப்போர் காணாது கொடுத்தல் இழிவாயின், கேட்போர் காணாது கேட்டலும் அத்தகையதே. ஒருவர் யாவர், அவர் செய்யும் தொழில் யாது, அவர் அறிந்தது எது என ஒன்றும் நோக்காது கை நீட்டுதல் அவரை ஒரு கதவாகக் கருதுவதேயன்றி மனிதராகக் கருதுவதாகாது.

இனி, இவ்வாறு எழுதுதல் இரத்தல் ஆகாதோ என்று மானமுள்ள இளைஞர் சிலர் கூசுகின்றனர். திருவள்ளுவர் இரவு, இரவச்சம் என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தமை அவர் உள்ளத்தில் நிழலாடுகின்றது போலும். அக்கூச்சம் நற்குடிப் பிறப்பின் அடையாளமே. ஆயினும் இடமறியாக் கூச்சம் கேடு பயக்கும். வேலையைக் கொடு என்பது இரவு. வழியைச் சொல் என்பது இரவன்று, அது வினாவுதல். வழி வினாவுதற்கும் வழி கூறுதற்கும் தமிழர் ஓர் இலக்கிய வகையே கண்டனர். அஃது ஆற்றுப்படை. வள்ளலிடம் பரிசில் பெற்று மீள்வான் ஒருவன், எதிரே வறுமையோடு வருவானைக் கண்டு, செல்லும் வழி இது, வழியிற் பெறும் உணவு இது, அவனை அணுகும் முறை இது என்று எடுத்துரைத்து ஆற்றுப்படுத்துவான். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் இவ்வகையின. பரிசில் தருவோன் வேறு, வழி காட்டுவோன் வேறு என்பதை உற்று நோக்குக. நீவிர் கடிதம் எழுத வேண்டியது பெரும்பாலும் வழி காட்டுவோர்க்கேயன்றிப் பரிசில் தருவோர்க்கன்று. அவ்வேலையில் ஓராண்டோ ஈராண்டோ முன்னே நுழைந்தவர், அதன் மேடுபள்ளம் அறிந்தவர், அவரே உமக்கு உரியவர்.

அற்றேல், எவர்க்கு எழுதுவது? மாமன், சிற்றப்பன், அண்டை வீட்டார், உயிர்த்தோழர் என்பார்க்கே நாம் முதலில் ஓடுகின்றோம். இது பற்றி ஆராய்ந்தார் ஓர் அமெரிக்கச் சமூகவியலறிஞர். அவர் பெயர் மார்க் கிரானோவெட்டர். பாஸ்டன் நகரை அடுத்த நியூட்டன் என்னும் ஊரில், புதிதாக உத்தியோகம் மாறியோரை அவர் வினவினார். அறிமுகமானோர் வாயிலாக வேலை பெற்றாருள், அடிக்கடி கண்டு பழகுவோரால் பெற்றவர் 100-க்கு 16.7 பேரே, எப்போதேனும் காண்போரால் பெற்றவர் 55.6, ஆண்டிற்கொருமுறையோ அதனினும் அருகியோ காண்போரால் பெற்றவர் 27.8. இதனை அவர் 1973-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அவர் கூறிய காரணம் எளிது. நம்மோடு நெருங்கிப் பழகுவோர் நாம் அறிந்த செய்தியையே அறிவர். சற்று எட்டி நிற்போரே நாம் அறியாத இடத்துச் செய்தியைக் கொணர்வர்.

அக்கொள்கையைப் பின்வந்தோரும் சோதித்தனர். லிங்க்ட்இன்னில் உள்ள 2 கோடிக்கு மேற்பட்டோரிடையே ஐந்தாண்டுகளாக நிகழ்ந்த சோதனைகளை ஆய்ந்த கட்டுரை ஒன்று 2022-இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. நெருங்கியோரினும் சற்று விலகியோரே வேலை மாற்றத்திற்கு மிகுதியும் துணையாகின்றனர் என்பதே அதன் முடிபு. ஆயினும் முற்றும் அயலாராய் விலகினோரால் அப்பயன் குறைகின்றது என்பதும் அதனுள் உளது. அறவே அறியாதாரும் அல்லர், அன்றாடம் காண்போரும் அல்லர். இடைநிலையில் நிற்போரே சிறந்தவர்.

இதனை இச்சபையில் யாம் அழுத்திக் கூறுதற்குக் காரணம் உண்டு. நாம் ஒரு குலத்தவர். ஒருவரை ஒருவர் அறிவோம். திருமணத்திற் காண்கின்றோம், துக்கத்திற் கூடுகின்றோம். அந்நெருக்கம் நமக்குப் பெரும் பேறே. பசித்தவனுக்குச் சோறும், படிப்போனுக்குச் சம்பளமும் அதனாற் கிடைத்தன. ஆனால் வேலைச் செய்தி என்னும் இவ்வொன்றில் நெருக்கமே வேலியாகிவிடுகின்றது. இவ்வேலிக்குள் உலவும் செய்தி நம் எல்லார்க்கும் முன்னமே தெரிந்தது. ஆதலின், இளைஞர்காள், நும் உடன்படித்தோரின் தமையன்மார், பயிற்சிக்குச் சென்ற தொழிற்சாலையின் மேற்பார்வையாளர், கல்லூரிக்கு ஒருநாள் வந்து பேசிச் சென்றவர், முன்னாள் ஆசிரியர் என்று வேலிக்கு வெளியே நிற்போர் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதுக. அவர் எக்குலத்தினர் எம்மதத்தினர் என்பது அக்குறிப்பேட்டில் இடம்பெற வேண்டா. "யானும் தங்கள் இனத்தவன்" என்று தொடங்கும் கடிதம், எழுதியவனிடம் சொல்லத்தக்க வேறு தகுதி இல்லை என்பதையே சொல்லிவிடுகின்றது.

எவ்வாறு எழுதுவது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சிறந்த எடுத்துக்காட்டு உளது. கணித மேதை சீனிவாச இராமானுஜன் கல்லூரித் தேர்விற் றவறி, பட்டமின்றி, வேலையின்றி அலைந்தவர். 1910-இல் அவர், இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய இராமசாமி ஐயரைத் திருக்கோவிலூரிற் சென்று கண்டார். கையிற் கொண்டு சென்றது தம் கணிதக் குறிப்பேடு. ஐயர் அவரைச் சென்னையிலுள்ளார்க்கு அறிமுகக் கடிதங்களோடு அனுப்பினார். அவ்வழியே சென்று, அப்போது நெல்லூர்க் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவையும் இராமானுஜன் அடைந்தார். பின்னர் 1912 மார்ச்சு முதல் தேதி சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலையில் அமர்ந்தார். ஒருவர் ஒருவர்க்கு வழிகாட்ட நடந்த இந்நடை ஆற்றுப்படையேயன்றோ!

பின்பு, 1913 ஜனவரி 16-ஆம் தேதி, கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்னும் பேராசிரியர்க்கு இராமானுஜன் கடிதம் எழுதினார். அதற்குமுன் அவ்விடத்து அறிஞர் வேறு சிலர்க்கு எழுதியவை பயன்படவில்லை. ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் அமைதியை ஆராய்வோம். தாம் துறைமுகக் காரியாலயத்தில் எழுத்தர் என்பதையும், ஆண்டுச் சம்பளம் இவ்வளவே என்பதையும், பல்கலைக்கழகக் கல்வி தமக்கு இல்லை என்பதையும் முதலிலேயே மறையாது கூறினார். அடுத்து, ஹார்டி எழுதிய சிறு நூலொன்றின் 36-ஆம் பக்கத்தைச் சுட்டினார். பகா எண்களைப் பற்றி இன்னும் காணப்படவில்லை என்று அங்கே சொல்லப்பட்டதற்குத் தாம் ஒரு விடை கண்டதாக எழுதினார். அவ்விடை பிழையுடையது என்று பின்னர்த் தெரிந்தது. ஆயினும், தம் நூலைப் பக்கம் பக்கமாகப் படித்து அதிலிருந்து மேற்செல்ல முயன்றவன் ஒருவன் கடல்கடந்த நாட்டில் உளன் என்பது ஹார்டிக்கு விளங்கிற்று. மூன்றாவதாக, தாம் கண்ட முடிபுகளைத் தாள் தாளாக எழுதி உடன் வைத்தார். இறுதியில் அவர் வேண்டியது உத்தியோகமன்று. அவற்றுட் பயனுளதேல் வெளியிட வேண்டும் என்பதும், அனுபவமற்ற தமக்கு ஆலோசனை நல்க வேண்டும் என்பதுமே. ஹார்டியின் மறுமொழி பிப்ரவரி 8-ஆம் தேதியே எழுதப்பட்டது. அவ்வாண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி அளித்தது. 1914-இல் அவர் இங்கிலாந்து சென்றார்.

எல்லாரும் இராமானுஜன் ஆதல் இயலாது. ஆனால் அக்கடிதத்தின் உறுப்புக்கள் எல்லார்க்கும் உரியன. அவற்றை ஐந்தாக வகுத்துக் கூறுவோம்.

முதலாவது, யான் இன்னான், நும்மை இவ்வாறு அறிவேன் என்பது. இரண்டு வரியில் முடிதல் வேண்டும். இரண்டாவது, அவரிடத்து நீ கண்டது ஒன்று. அவர் பேசியதோ, எழுதியதோ, செய்ததோ உண்மையாக இருத்தல் வேண்டும். வெறும் புகழ்ச்சி இவ்விடத்திற்கு ஆகாது. "தாங்கள் பெரிய மேதை" என்பது எவர்க்கும் கூறத்தக்கது. மூன்றாவது, அதனோடு இயைந்து நீ செய்தது ஒன்று. பட்டியல் வேண்டா, ஒன்றே போதும். நான்காவது, ஒரு வினா. அவர் எண்ணித் தேட வேண்டாது சில வரிகளில் விடை கூறத்தக்க வினா. ஐந்தாவது, மறுக்க இடம் விடுதல். மறுத்தற்கு இடமின்றிக் கேட்டல் நெருக்குதலேயாம்.

இவ்வைந்தும் அமைந்த கடிதம் ஒன்றை மாதிரியாகக் காட்டுவோம். பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் கற்ற மாணவன் ஒருவன், கோயமுத்தூரில் பம்பு செய்யும் தொழிற்சாலையொன்றில் தரப் பரிசோதனைப் பகுதியில் அலுவல் பார்க்கும் முன்னாள் மாணவர்க்கு எழுதுவதாகக் கொள்க.

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தாங்கள் பயின்ற பாலிடெக்னிக்கில் இவ்வாண்டு இயந்திரவியல் டிப்ளோமா முடித்தேன். சென்ற ஆண்டு பழைய மாணவர் கூட்டத்தில் தாங்கள் பேசியதைக் கேட்டேன். புதிதாக வருவோர் அளவெடுக்கின்றனர். அளவு ஏன் பிழைத்தது என்று எழுதிவைப்பதில்லை என்றீர்கள். அச்சொல் என் மனத்தில் நின்றது. ஆகவே இறுதியாண்டு வேலையாக அறுபது இம்பெல்லர் வார்ப்புகளை அளந்து, துளை விழுந்தவற்றைத் தனியே பிரித்து, ஒவ்வொன்றிற்கும் காரணம் என்று தோன்றியதைப் பதிவு செய்தேன். தரப் பரிசோதனைப் பகுதியிலேயே பணி தேட விரும்புகிறேன். அதற்குமுன் நான் கற்றுக்கொள்ள வேண்டியது எது என்று தாங்கள் சொன்னால் பேருதவியாகும். இரண்டு வரி எழுதினாலும் போதும். ஓய்விருப்பின் பத்து நிமிடம் தொலைபேசியிற் பேச வருவேன். வேலை மிகுதியால் இயலாதெனினும் குறையாக எண்ணேன். இப்படிக்கு, தங்கள் அன்புள்ள…"

இக்கடிதத்தில் பெயரை மாற்றி வேறொருவர்க்கு அனுப்ப இயலுமோ? இயலாது. அதுவே அதன் சிறப்பு. இதில் வேலை கொடு என்னும் சொல் இல்லை. ஆயினும் படிப்பவர், "இப்பையன் சொன்னதைக் கேட்டான், கேட்டதைச் செய்தான்" என்று அறிந்துகொள்வார். நாளை அவர் பகுதியில் ஓரிடம் காலியாகும்போது நினைவிற்கு வருவது இவன் பெயரே. பி.காம். கற்ற நம் பெண்மக்கள் ஆடிட்டர் அலுவலகத்திற் பணிபுரியும் ஒருவர்க்கு எழுதும்போதும் இம்முறையே கொள்க. வார்ப்பிற்கு ஈடாக அவர் பார்த்த கணக்கு நிற்கும், வேறுபாடு அவ்வளவே. பயோடேட்டாவை முதற் கடிதத்தோடு திணியாது, கேட்டபின் அனுப்புதல் நன்று.

இன்னொன்று. செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் இக்காலத்தில் நொடியிற் கடிதம் எழுதித் தருகின்றன. பிழை திருத்த அவற்றைக் கொள்வதை யாம் மறுக்கவில்லை. ஆனால் அப்பெரியவர் பேசிய கூட்டத்தில் அமர்ந்து கேட்டவன் நீ, பொறியன்று. கடிதத்தின் இரண்டாம் உறுப்பையும் மூன்றாம் உறுப்பையும் உன்னையன்றி எவரும் எழுத இயலாது. பொறியை எழுதவிட்டால், பழைய ஓலையே நல்ல ஆடை உடுத்து வரும்.

எழுதியபின் செய்யத்தக்கன சில. பத்து நாள் பொறுத்து ஒருமுறை பணிவாக நினைவூட்டலாம், அதன்மேல் வேண்டா. இரவு நெடும்போதில் வாட்ஸ்அப்பில் எழுப்புதல் தகாது. விடை வரின், அவர் சொன்னதைச் செய்து, செய்ததைத் தெரிவித்து நன்றி கூறுக. வேறிடத்தில் வேலை கிடைப்பினும் தெரிவித்தல் கடன். பலர் இதனை மறக்கின்றனர். நாளொன்றுக்கு இருவர்க்கு எழுதினும் போதும். இருநூறு பேர்க்கு ஒரே ஓலை அனுப்புதலினும் அது மேல். வேலை வாங்கித் தருவோம் என்று முன்பணம் கேட்போர் வழிகாட்டிகள் அல்லர், வழிப்பறிக்காரர் என்று அறிக. அரசாங்கப் போட்டித் தேர்வுகளுக்கு இம்முறை சிறிதும் பொருந்தாது. அங்கே தேர்வுக்குப் படிக்கும் வகையை முன்னே வென்றவரிடம் வினவலாம். சிபாரிசு தேடலோ தகுதியை இழப்பித்துவிடும்.

இறுதியாக, உத்தியோகத்தில் அமர்ந்திருக்கும் பெரியோர்களை நோக்கி ஒரு விண்ணப்பம். பரிசில் பெற்றவனே வழி சொல்லக் கடமைப்பட்டவன் என்பது ஆற்றுப்படையின் உயிர். நீவிர் இன்று இருக்கும் நாற்காலிக்கு யாரோ ஒருவர் வழி காட்டியிருப்பர். உம்மை உண்மையாகக் கண்டு எழுதிய கடிதம் ஒன்று வருமேல், எழுதியவன் எவன் மகன் என்று கேளாது, இரண்டு வரி மறுமொழி எழுதுங்கள். வேலை தர இயலாவிடின் இயலாது என்றே எழுதுங்கள். இல்லை என்னும் சொல்லை ஏற்கும் வலிமை இளைஞர்க்கு உண்டு. ஒரு சொல்லும் வாராத மௌனமே அவர் நெஞ்சை அரிக்கின்றது. தாம் உலகில் உள்ளோமோ இல்லையோ என்னும் ஐயத்தை அஃது உண்டாக்குகின்றது. இரண்டு வரி எழுதச் செல்லும் பொழுதோ ஒரு குவளை காப்பி ஆறும் பொழுது.

இளைஞர்காள்! இன்றிரவே குறிப்பேட்டில் ஐந்து பெயர்களை எழுதுக. ஒவ்வொரு பெயர்க்கும் எதிரே, அவரிடத்து யான் கண்டது யாது என்று ஒரு வரி எழுதுக. அவ்வரி தோன்றாத பெயர்க்கு இப்போது கடிதம் எழுதற்க. தோன்றிய பெயர்க்கு நாளைக் காலையே எழுதுக. நும் முயற்சி பயன் தருவதாகுக என வாழ்த்தி அமைகின்றோம்.